நீச்சல்ல ஆறு மாசமா 1:14-லேயே நிக்குது: காலைப் பயிற்சியும் சேர்க்கலாமா?

ஏழாம் வகுப்பு அம்மா · ஜூன் 12, இரவு 10:20

பொண்ணுக்கு 12 வயசு. சென்னையில கிளப் குளம், வாரம் அஞ்சு நாள், சாயங்காலம் 5:30 முதல் 7 வரை. 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் டிசம்பர்ல 1:14.2 (ஒரு நிமிஷம் 14.2 விநாடி). போன ஞாயிறு போட்டியில 1:14.6. ஆறு மாசத்துல கால் விநாடிகூட இறங்கல, ஏறியிருக்கு. "திங்கள்ல இருந்து காலையும் வரட்டும், 5:15-க்குத் தண்ணியில இருக்கணும்"னு கோச் சொல்றார். ஸ்கூல் 8:15. செவ்வாய், வியாழன் ராத்திரி 7:30-க்கு மேத்ஸ் டியூஷன். சேர்க்கலாமா? டியூஷனை நிறுத்தணுமா?

நாலாவது லேன் · ஜூன் 13, காலை 9:05

தூக்கக் கணக்கை முதல்ல போடுங்க மேடம். 5:15-க்குத் தண்ணின்னா 4:30-க்கு எழுந்திருக்கணும். இந்த வயசுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேணும். அதுக்கு 7:30-க்கே படுத்தாகணும். அந்த நேரத்துல உங்க பொண்ணு டியூஷன்ல இருப்பா, இல்லைன்னா ஈரத் தலையைத் துவட்டிக்கிட்டிருப்பா. ஆறு மணி நேரத் தூக்கத்தோட பத்து செஷன் போனா முதல் மூணு வாரம் டைம் இறங்குற மாதிரி இருக்கும். அப்புறம் சளி, தோள் வலி, கிளாஸ்ல தூக்கம்.

அதனால சேர்க்காதீங்க, மாத்துங்க. காலைப் பயிற்சிக்கு முந்தின சாயங்காலம் பயிற்சி இருக்கக் கூடாது, இதுதான் விதி. திங்கள் சாயங்காலம், புதன் காலை, வியாழன் சாயங்காலம், வெள்ளி சாயங்காலம், சனி காலை. செவ்வாயும் ஞாயிறும் குளம் கிடையாது. செவ்வாய் டியூஷனை மட்டும் அஞ்சு மணிக்கு மாத்தித் தர முடியுமான்னு கேளுங்க. செஷன் அதே அஞ்சுதான். டியூஷனை நிறுத்த வேண்டாம்.

அதைவிட முக்கியம்: அந்த 1:14.6-ஐ எப்படி நீந்தினா? முதல் 50 எவ்வளவு, ரெண்டாவது 50 எவ்வளவு? அது தெரியாம மருந்து எழுத முடியாது.

நாலாவது லேன் · ஜூன் 13, காலை 9:12

வெள்ளி சாயங்காலம், சனி காலைன்னு நானே மேல எழுதி, என் விதியை நானே மீறிட்டேன். சனிக்கிழமை ஸ்கூல் இல்லைன்னா ஏழரைக்குத் தண்ணியில இறங்கினா போதும், தூக்கம் குறையாது. அன்னைக்கு ஸ்கூல் வச்சாங்கன்னா வெள்ளியை விட்டுடுங்க.

ஏழாம் வகுப்பு அம்மா · ஜூன் 13, இரவு 9:40

ஸ்ப்ளிட் 34.1, 40.5.

நாலாவது லேன் · ஜூன் 14, காலை 8:30

6.4 விநாடி விழுந்திருக்கு. முதல் 50-ல டைவ் இருக்கிறதால அது எப்பவுமே ரெண்டு விநாடி போல வேகமா வரும். நல்லா பங்கு பிரிச்சு நீந்தின பிள்ளைக்கு ரெண்டரையில இருந்து மூணரை வரைக்கும் வித்தியாசம் இருந்தா சரி. இவ முதல் 50-ஐ ஐம்பது மீட்டர் ரேஸ் மாதிரியே போட்டுட்டா. 60 மீட்டருக்கு மேல கை சறுக்க ஆரம்பிச்சிருக்கும்: முழங்கை கீழ விழும், தண்ணி பிடிபடாது, ஸ்ட்ரோக் எண்ணிக்கை ஏறும், ஆனா உடம்பு நகராது. கேலரியில இருந்து பார்க்கிறவங்களுக்குக் கடைசி இருபது மீட்டர் வேகமா கையடிக்கிற மாதிரிகூடத் தெரியும்.

35.3 + 38.2 போட்டா 1:13.5. எந்தக் கூடுதல் பயிற்சியும் இல்லாம ஒரு விநாடி கையில. அதுக்கு ஒரு செட்: 12×25 (25 மீட்டர் பன்னெண்டு தடவை), ஒவ்வொண்ணும் 19 விநாடி, 45 விநாடிக்கு ஒரு தடவை கிளம்பணும். தொடர்ந்து ரெண்டு 25 பத்தொன்பதுக்கு மேல போனா நிறுத்திடணும். பன்னெண்டையும் முடிச்சே ஆகணும்னு தேய்க்கக் கூடாது. சோர்ந்த கையோட ஓட்டின ஸ்ட்ரோக்தான் உடம்புல பதியும். வாரம் ரெண்டு தடவை போதும்.

விசில் · ஜூன் 14, மதியம் 1:15

டெக்னிக்கல் அஃபிஷியலா ஒரே கேள்வி. டிசம்பர் போட்டி எந்தக் குளம், ஜூன் போட்டி எந்தக் குளம்? டைம் எடுத்தது கையிலயா, டச் பேடுலயா (சுவர்ல கை பட்டதும் தானா டைம் நிக்கிற பலகை)?

ஏழாம் வகுப்பு அம்மா · ஜூன் 14, இரவு 10:05

டிசம்பர் கிளப்புக்குள்ள வச்ச போட்டி, ஸ்டாப்வாட்ச். ஜூன் வேளச்சேரி, டச் பேட். அதுல வித்தியாசம் வருமா?

நாலாவது லேன் · ஜூன் 14, இரவு 10:11

வருமாவா!

கிளப் குளம் 25 மீட்டர். வேளச்சேரி 50 மீட்டர், 1995 சாஃப் கேம்ஸுக்கு (தெற்காசிய விளையாட்டுப் போட்டி) கட்டினது. 25-ல நூறு மீட்டருக்கு மூணு டர்ன், 50-ல ஒரே டர்ன். ஒவ்வொரு டர்ன்லயும் சுவரை உதைச்சுக் கிளம்புற அஞ்சாறு மீட்டர் எந்த நீச்சலையும்விட வேகம். அந்த உதை ரெண்டு குறைஞ்சா, இவ அளவுல ஒன்றரையில இருந்து ரெண்டரை விநாடி வரை கூடும். அதுக்கு மேல கை வாட்ச். பிடிக்கிறவர் சத்தம் கேட்டு அழுத்தத் தாமதமாகுது, முடிவுல கை சுவரைத் தொடப் போறது கண்ணுக்குத் தெரிஞ்சே முன்னாடி அழுத்துறாரு. ரெண்டும் பிள்ளைக்குச் சாதகம். பத்துல ரெண்டு மூணு பங்கு விநாடி சும்மா கிடைக்கும்.

மொத்தத்துல உங்க பொண்ணு நிக்கல மேடம். ரெண்டு விநாடி முன்னேறியிருக்கா. குளம் மாறினதுல அது மறைஞ்சுபோச்சு. இதை முதல்ல கேக்காம ஸ்ப்ளிட்டுக்குள்ள தலையை விட்டது என் தப்பு.

விசில் · ஜூன் 15, காலை 7:00

பத்தில் ஒரு பங்கு விநாடியைச் சின்னதா நினைக்காதீங்க. 2021 ஜூன்ல ரோம்ல நம்ம இந்திய நீச்சல் வீரர் சஜன் பிரகாஷ் 200 பட்டர்ஃபிளை 1:56.38 நீந்தி ஒலிம்பிக் ஏ தகுதி வாங்கினார். வரம்பு 1:56.48. அந்த 0.10 கை வாட்ச்ல கரைஞ்சு போயிருக்கும்.

வீட்டு நோட்டுல மூணு கட்டம் போடுங்க: 25 குளம், 50 குளம், கை டைம். மூணையும் கலக்காதீங்க. என்ட்ரி ஃபார்ம்ல எதை எழுதணும்னு அந்தந்தப் போட்டி சர்க்குலர்ல இருக்கும். 25 டைமை 50 போட்டிக்கு அப்படியே எழுதினா தப்பான ஹீட்ல மாட்டிப்பா. பக்கத்து லேன் பிள்ளைங்க முதல் இருபது மீட்டர்லயே தள்ளிப் போவாங்க, இவ பின்னாடியே துரத்துவா. அந்த 34.1 அப்படிக்கூட வந்திருக்கலாம்.

நாலாவது லேன் · ஜூன் 15, காலை 7:48

நல்ல பாயின்ட். நான் கொடுத்த செட்டையும் திருத்தணும். 19 விநாடிங்கிறது 50 குளத்துக் கணக்கு. கிளப் குளத்துல ஒவ்வொரு 25-க்கும் சுவரை உதைச்சுத்தான் கிளம்புறா, அதனால 18.5. மத்தபடி ஸ்ப்ளிட்டைப் பத்திச் சொன்னது அப்படியே நிக்குது. இன்னும் அழுத்தமாவே நிக்குது: 25 குளத்துல வளர்ற பிள்ளைக்கு ஒவ்வொரு 25-க்கும் ஒரு குட்டி ஓய்வு பழகிப்போகும். 50 குளத்துல 75-வது மீட்டர்ல சுவரைத் தேடுவா. அங்க சுவர் இல்ல.

50 குளம் பக்கத்துல இல்லாத ஊர்க்காரங்களுக்கு: பேக்ஸ்ட்ரோக் கொடி தொங்குதே, சுவர்ல இருந்து 5 மீட்டர், அதுக்குக் கீழயே, சுவரைத் தொடாம, நடுத்தண்ணியில உருண்டு திரும்பணும். உதைக்க எதுவும் இல்லாததால வேகம் செத்துப்போகும், பூஜ்யத்துல இருந்து கையாலயே கட்டி எழுப்பணும். 6×100 இப்படிப் போட்டா, சுவர் எவ்வளவு சோறு போடுதுன்னு பிள்ளைக்கே புரியும். லேன்ல நாலு பேருக்கு மேல இருந்தா இதைச் செய்யாதீங்க, முட்டிக்குவாங்க.

உங்களுக்குச் சனிக்கிழமை வேளச்சேரி போக முடிஞ்சா இந்த வித்தையெல்லாம் தேவையில்ல.

பி.இ.டி. மாஸ்டர் · ஜூன் 15, மாலை 6:30

பள்ளிப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். பெற்றோர் வருகைப் பதிவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். 200 வேலை நாள் என்றால் 75 சதவீதத்துக்கு 150 நாள் வந்தால் போதும். போட்டிகளுக்கு வருடத்தில் பன்னிரண்டு, பதினைந்து நாள் போகும். அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை அந்த நாட்களில் நடக்கும் டெஸ்ட். காலாண்டு செப்டம்பரில், அரையாண்டு டிசம்பரில். இடையில் மாதத் தேர்வுகள். பள்ளி நாட்காட்டி கையில் கிடைத்த அன்றைக்கே போட்டித் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடிதம் போட்டிக்கு முன்னால் வர வேண்டும், சர்க்குலர் நகலோடு. மெடலோடு வந்து "மூன்று நாள் ஓ.டி. போடுங்க சார்" என்றால் தலைமையாசிரியர் முகம் மாறும். வகுப்பாசிரியரிடம் விடுபடும் நாட்களுக்கான போர்ஷனை எழுதி வாங்குங்கள். திரும்பி வந்த பிறகு நோட்ஸ் தேடுவதைவிட இது பாதி வேலை.

இன்னொன்று: ஏணி ஒன்றல்ல. பள்ளி வழியாகப் போவது ஒன்று: குறுவட்டம், மாவட்டம், மாநிலம், பிறகு எஸ்.ஜி.எஃப்.ஐ. (இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு) தேசியப் போட்டி. சங்கம் வழியாகப் போவது இன்னொன்று: மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம், பிறகு நீச்சல் கூட்டமைப்பின் தேசியப் போட்டி. முதலமைச்சர் கோப்பை தனி. வயதுப் பிரிவும் சான்றிதழும் ஒன்றுக்கொன்று மாறும். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க இடம் வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு 500 இடம். அன்றைக்கு இந்தக் காகிதங்கள்தான் பேசும். ஏழாம் வகுப்பிலேயே அதை நினைத்து நீந்த வைக்காதீர்கள், ஃபைலை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

ஏழாம் வகுப்பு அம்மா · ஜூன் 16, இரவு 9:15

நாலு லேமினேட் பண்ணிட்டேன் மாஸ்டர்.

கோச் கிட்ட பேசினேன். புதன் காலை மட்டும் வரட்டும்னு ஒத்துக்கிட்டார். 400-ம் 200-ம் டைம் எடுத்து வைக்கச் சொன்னார், எதுக்குன்னு கேக்கல. 25 குளத்துல 400 மீட்டர் 5:44, 200 மீட்டர் 2:42.

நாலாவது லேன் · ஜூன் 17, காலை 6:40

நல்ல கோச். அதை வச்சு, களைச்சு விழாம தொடர்ந்து ஓட்டக்கூடிய வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். 400 டைம்ல 200 டைமைக் கழிச்சுப் பாதியாக்கினா, 100 மீட்டருக்கான வேகம். 5:44-ல 2:42 போனா 3:22, அதுல பாதி 1:41. ரெண்டையும் ஒரே நாள் எடுத்தா நடுவுல நல்லா ஓய்வு வேணும், இல்லைன்னா ரெண்டாவது பொய் சொல்லும். செட்: 10×100, ஒவ்வொண்ணும் 1:41, ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு.

விசில் · ஜூன் 17, காலை 7:02

344-ல 162 போனா 182. பாதி 91. அதாவது 1:31.

நாலாவது லேன் · ஜூன் 17, காலை 7:05

அந்த மேத்ஸ் டியூஷன்ல எனக்கும் ஒரு சீட் போடுங்க மேடம்.

1:31-தான். 10×100, 1:31-க்கும் 1:33-க்கும் நடுவுல, 1:50-க்கு ஒண்ணு கிளம்பணும். 1:41-ல விட்டிருந்தா பிள்ளை லேன்ல கதை பேசிக்கிட்டே முடிச்சிருப்பா. முதல் மூணு 1:27, கடைசி மூணு 1:38-னு வந்தா செட் தோல்வி, சராசரி சரியா இருந்தாலும். ரேஸ்ல பண்ற அதே தப்பு. பத்துக்கும் வித்தியாசம் ரெண்டு விநாடிக்குள்ள நிக்கணும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி டைம் எடுத்து வேகத்தை மாத்திக்கலாம்.

நாலாவது லேன் · ஜூன் 19, இரவு 8:50

தனி மெசேஜ்ல ரெண்டு மூணு அம்மாக்கள் கேட்டதால இங்கேயே எழுதுறேன். 12, 13 வயசுப் பொண்ணு திடீர்னு மந்தமானா தூரத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க.

ஒண்ணு உயரம். சுவர்ல மாசம் ஒரு கோடு. வேகமா வளர்ற மாசங்கள்ல கை நீளம் மாறுது, பழைய ஸ்ட்ரோக் பிடிபடாது, டைம் பின்னாடிகூடப் போகும். அந்த நேரத்துல பேடில் (கையில மாட்டுற தட்டு) போட்டு இழுக்க விட்டா தோள் கெடும். பேடில் தேவைன்னா உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெருசா இருக்கணும். பெரிய அண்ணன்கிட்ட இரவல் வாங்கின தட்டு வேண்டாம்.

ரெண்டாவது ஹீமோகுளோபின். மாதவிடாய் ஆரம்பிச்ச பொண்ணு, கறி மீன் சாப்பிடாத வீடு, வாரம் அஞ்சு செஷன்: இந்த மூணும் சேர்ந்தா ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. 12 கிராமுக்குக் கீழ இருந்தா டாக்டர் வேலை, கோச் வேலை இல்ல. சாப்பாட்டோட டீ, காபி குடிச்சா இரும்புச்சத்து உடம்புல ஒட்டாது. கீரை, பயறோட எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தா ஒட்டும். அந்த நாட்கள்ல நீந்தலாமான்னா, பொண்ணுக்கு முடிஞ்சா நீந்தலாம். வேண்டாம்னு சொன்னா லீவ், காரணம் கேக்காத லீவ். ஆம்பளை கோச்சுக்கு "இன்னைக்கு வரல"ங்கிற ஒரு வார்த்தை போதும்.

ஏழாம் வகுப்பு அம்மா · ஜூன் 22, இரவு 9:30

அடுத்த போட்டி ஜூலை கடைசி. 100 ஃப்ரீ, 50 பேக் (பேக்ஸ்ட்ரோக்), 200 ஐ.எம். (ஃப்ளை, பேக், பிரெஸ்ட், ஃப்ரீ நாலும் ஒரே ரேஸ்ல). போன தடவை ஐ.எம்.ல டி.க்யூ. (தகுதி நீக்கம்) ஆனா. என்ன தப்புன்னு யாரும் சொல்லல.

விசில் · ஜூன் 23, காலை 6:55

டி.க்யூ. ஸ்லிப்ல காரணம் இருக்கும், கோச் கேட்டு வாங்கலாம். இந்த வயசுல ஐ.எம்.ல திரும்பத் திரும்பப் பார்க்கிற தப்புகள் இவை. ஃப்ளை முடிச்சு ஒரு கையால சுவரைத் தொடுறது; ரெண்டு கையும் ஒரே நேரத்துல தொடணும், பிரெஸ்ட்லயும் அப்படித்தான். பேக்ல இருந்து பிரெஸ்டுக்கு மாறும்போது தொடுறதுக்கு முன்னாடியே குப்புறத் திரும்பிடுறது. மல்லாந்தபடியேதான் தொடணும், சாதாரண பேக் டர்ன் மாதிரி உருள முடியாது. பிரெஸ்ட்ல தண்ணிக்கடியில ரெண்டு டால்ஃபின் கிக் (ரெண்டு காலையும் சேர்த்து அடிக்கிற உதை) அடிக்கிறது, ஒண்ணுக்குத்தான் அனுமதி. ரெண்டாவது இழுப்புல கை விரிஞ்சு உள்ள திரும்புறதுக்கு முன்னாடி தலை வெளிய வரணும், அதையும் மறந்துடுறாங்க.

பேக் கடைசியில தண்ணிக்குள்ள முங்கித் தொட்டாலும் டி.க்யூ.

நாலாவது லேன் · ஜூன் 23, காலை 8:10

அந்தக் கடைசி வரி பழைய விதி, விசில். 2023-ல மாத்திட்டாங்க. தலை கடைசி 5 மீட்டர் கோட்டைத் தாண்டிட்டா முங்கி முடிக்கலாம்.

விசில் · ஜூன் 23, காலை 8:31

ஆமா. எனக்கே டி.க்யூ. ஸ்லிப் எழுதிக்கிறேன்.

நாலாவது லேன் · ஜூன் 23, இரவு 9:20

இருந்தாலும் 12 வயசுக்கு அதைக் கத்துக் கொடுக்காதீங்க. சுவர் எங்கன்னு தெரியாம தலையை இடிச்சுக்கும். அதுக்குப் பதிலா கொடியில இருந்து சுவருக்கு எத்தனை ஸ்ட்ரோக்னு எண்ணப் பழக்குங்க. இந்த வயசுல பெரும்பாலும் நாலு, அஞ்சு. பயிற்சியில எண்ணினா பத்தாது, ரேஸ் வேகத்துல எண்ணணும், ஒரு ஸ்ட்ரோக் குறையும். போட்டி அன்னைக்கு வார்ம் அப்ல மறுபடி சரிபார்க்கணும். கொடி தொய்ஞ்சு தொங்குற குளம் நிறைய இருக்கு.

போட்டி நாள் பத்தி நீளமா எழுத வேண்டாம்னு நினைச்சேன், முடியல. வார்ம் அப் 600 முதல் 800 மீட்டர், நடுவுல நாலு 25 ரேஸ் வேகத்துல, ரெண்டு மூணு டைவ். அப்புறம் துடைச்சு, காஞ்ச டி-ஷர்ட். ஈரத்தோட ஃபேன் அடியில உக்காரக் கூடாது, வெயில்ல கான்கிரீட் படியிலயும் உக்காரக் கூடாது. நம்ம ஊர் போட்டியில பிள்ளைங்களைச் சாய்க்கிறது தண்ணி இல்ல, அந்த கேலரி. குடை, பாய், ரெண்டு துண்டு, ஒரு செருப்பு. ரேஸுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இட்லி மூணு, கொஞ்சம் சர்க்கரை. நெய், வடை வேண்டாம். நடுவுல ஒரு மணி நேரம்தான் இடைவெளின்னா வாழைப்பழம் பாதி, பேரீச்சை ரெண்டு, உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் வாய் வாயா. மூணு மணி நேரத்துக்கு மேலன்னா தயிர்சாதம் தாராளமா. புதுசா எதையும் அன்னைக்குப் பரீட்சை பண்ணாதீங்க. கண்ணாடியும்தான்: புது காகிள்ஸ் டைவ்ல கழண்டு கழுத்துக்கு வரும்.

ரேஸ் முடிஞ்சதும் 200 மீட்டர் மெதுவா. அதுக்குக் குளம் தரலைன்னா பத்து நிமிஷம் நடை. அழுதா அழட்டும், நடந்துகிட்டே அழட்டும். ஸ்ப்ளிட் பேச்செல்லாம் மறுநாள்.

டேப்பர்னு சொல்லி போட்டிக்கு முன்னாடி ரெண்டு வாரம் பயிற்சியைக் குறைக்காதீங்க. அது பெரியவங்களுக்கு. இவளுக்கு நாலஞ்சு நாள், தூரத்தை மூணுல ஒரு பங்கு குறைச்சு, வேகத்தைக் குறைக்காம.

பி.இ.டி. மாஸ்டர் · ஜூன் 24, மாலை 5:45

தேர்வு வாரத்தில் முழுக்க நிறுத்த வேண்டுமா என்றும் பலர் கேட்பார்கள்.

நாலாவது லேன் · ஜூன் 24, இரவு 9:00

வேண்டாம். மூணு நாள், முக்கால் மணி நேரம்: 400 வார்ம் அப், 8×25 வேகமா, பத்து டர்ன், 200 மெதுவா. ஒரு வாரத்துல தம் போகாது. கைக்குத் தண்ணி பிடிபடுற உணர்வுதான் சீக்கிரம் போகும், அதை மட்டும் காப்பாத்தினா போதும். அக்டோபர், நவம்பர் மழையில இதே கணக்கு. இடி கேட்டா வெளிய. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் தண்ணியில கால் வைக்கக் கூடாது.

ஏழாம் வகுப்பு அம்மா · ஜூலை 13, மதியம் 12:40

நேத்தோட மூணு சனிக்கிழமை வேளச்சேரி போயாச்சு. நேத்து 100 டைம் எடுத்தோம். 35.2, 37.6. மொத்தம் 1:12.8!

நாலாவது லேன் · ஜூலை 13, மதியம் 12:52

அருமை. வாட்ச் யார் கையில?

ஏழாம் வகுப்பு அம்மா · ஜூலை 13, மதியம் 12:54

அவங்க அப்பா கையில.

நாலாவது லேன் · ஜூலை 13, மதியம் 12:55

மூணாவது கட்டத்துல எழுதுங்க. என்ட்ரி ஃபார்ம்ல 1:13.1 போடுங்க.